டாம்களுக்கு நாலாம் இடைவெளியா, மூன்றாம் இடைவெளியா?

டிரம் செட்டில் ஒவ்வொரு டாமும் (சுரம் வைத்து ஒலிக்கும், பல அளவுகளில் உள்ள டிரம்) தனியாக நன்றாக ஒலித்தால் போதாது; ஒன்றுக்கொன்று எத்தனை சுர தூரம் என்பதில்தான் விஷயம். பெரும்பாலும் இரண்டு வழிகள்.

நாலாம் இடைவெளி என்பது மேல் ச-விலிருந்து ப-வுக்கு இறங்குவது. 10, 12, 16 அங்குல டாம்கள் என்றால் முறையே டி, ஏ, ஈ என்ற மேற்கத்திய சுரங்கள், அதாவது ஏறக்குறைய 147, 110, 82 ஹெர்ட்ஸ். உருட்டி இறங்கும்போது ஒவ்வொரு அடியும் தெளிவாகப் பிரிந்து கேட்கும். கிட்டாரும் பேஸும் முழங்கும் ராக் மேடையில் இதுதான் எடுபடும்.

மூன்றாம் இடைவெளி, சங்கராபரணத்தின் க-விலிருந்து ச-வுக்கு இறங்கும் தூரம். 10, 12, 14 என அளவுகள் நெருங்கியிருந்தால் இது வசதி. பாட்டுத்தன்மை கூடும், ஆனால் சத்தமான இசைக்குள் டாம்கள் ஒன்றுபோல் கேட்டுவிடும். நாலைந்து டாம் வைத்திருப்பவருக்கு வேறு வழியும் குறைவு: நாலாம் இடைவெளியை அத்தனைக்கும் இழுத்தால் சின்னது இறுகித் தொண்டை அடைக்கும், பெரியது தொளதொளக்கும்.

எதுவானாலும் முதலில் தோலை இறுக்கும் ஒவ்வொரு போல்ட்டுக்கு அருகிலும் மெதுவாகத் தட்டி, டிரம் கீயால் (போல்ட் திருகும் சாவி) எதிரெதிரே உள்ள போல்ட்டுகளை மாறி மாறித் திருகி, தோல் முழுக்க ஒரே சுரம் வர வையுங்கள். கீழ்த்தோலை மறக்கவே கூடாது. அப்புறம், டாமை அடிக்கும்போது ஸ்னேரின் (கீழ்த்தோலில் கம்பிகள் பூட்டிய டிரம்) கம்பிகள் இரைந்தால் இரண்டின் சுரமும் நெருங்கிவிட்டது என்று அர்த்தம். ஸ்னேரின் சுரத்தைக் கொஞ்சம் மாற்றினால் இரைச்சல் குறையும்.

மூன்றே டாம் என்றால் நான் நாலாம் இடைவெளிக் கட்சி.