கிளினிக்கா, சனலா? திருகோணமலைச் சீனி வருத்தக்காரருக்கு எது தோது

சீனி, பிரஷர் என்று மாதாமாதம் குளிசை எடுப்பவர்களுக்கு என் தெரிவு, காசு கட்டித் தனியார் ஆஸ்பத்திரியில் டாக்டரைப் பார்க்கும் சனல் இல்லை, அரச கிளினிக்தான், அதுவும் டவுனில் இருக்கும் பெரியாஸ்பத்திரி இல்லை, வீட்டுக்குக் கிட்ட இருக்கும் ஆஸ்பத்திரி. காசு மிச்சம் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை.

இலங்கையில் எந்த அரச ஆஸ்பத்திரியின் ஓபிடிக்கும் (வெளிநோயாளர் பிரிவு) யாருடைய துண்டும் இல்லாமல் நேரே போகலாம். அதனால்தான் நிலாவெளிக்காரரும் மூதூர்க்காரரும் பக்கத்து ஆஸ்பத்திரியைத் தாண்டி டவுனுக்கு வந்து விடியவே நம்பருக்கு நிற்கிறார்கள். கிண்ணியாப் பாலம் 2009 இல் வருவதற்கு முன் பாதை என்கிற மிதவைப் படகில் ஏறி வந்தவர்களுக்கு ஒரு நியாயம் இருந்தது. இப்போது கிண்ணியாவிலேயே ஆதார வைத்தியசாலை இருக்கிறது, சாதாரண பிரஷர் குளிசைக்கு டவுன் எதற்கு?

சனலில் வசதி இருக்கிறது, இல்லை என்று சொல்ல முடியாது. லீவு போடத் தேவையில்லை, பின்னேரம் போகலாம், இருக்கக் கதிரை கிடைக்கும், நாலு கேள்வி கூடுதலாகக் கேட்கலாம். ஆனால் காலையில் கிளினிக்கில் பார்த்த அதே விசேட வைத்தியர்தான் பல நேரம் பின்னேரம் அங்கேயும் இருப்பார், கடமை நேரம் முடிந்தபின் தனியாரில் பார்க்க அவர்களுக்கு அனுமதி உண்டு. நீங்கள் காசு கொடுத்து வாங்குவது நேரத்தைத்தான். டாக்டர் காசு, ஆஸ்பத்திரிக் காசு, பிறகு லேப், பிறகு பார்மசி என்று பில் நீண்டுகொண்டே போகும்.

எனக்குப் பெரிய விஷயம் கிளினிக் கொப்பி. மூலை மடங்கி, எண்ணெய்க் கறை பிடித்திருந்தாலும், எந்த மாதம் பிரஷர் எவ்வளவு, எப்போது குளிசையைக் கூட்டினார்கள் என்பதெல்லாம் அதில் வரிசையாக இருக்கும். சனல் துண்டோ பார்மசிப் பைக்குள் கிடந்து தொலைந்துவிடும். இரண்டு இடத்திலும் மருந்து எடுப்பவர்கள் கவனம்: கிளினிக் தந்த கடதாசி உறையில் மெட்ஃபோர்மின் என்று சீனிக் குளிசையின் பெயரைப் பேனையால் எழுதியிருக்கும், சனலில் எழுதிய பெட்டியில் கம்பனிப் பெயர் கொட்டை எழுத்திலும் மெட்ஃபோர்மின் சின்ன எழுத்திலும் இருக்கும். வேறு வேறு மருந்து என்று நினைத்து இரண்டையும் விழுங்குகிற ஆட்கள் இருக்கிறார்கள்.

கிளினிக்கின் குறையும் சின்னதில்லை. டாக்டர் தலை நிமிர முதல் உங்கள் முறை முடிந்துவிடும், சிங்களம் மட்டும் தெரிந்த டாக்டர் என்றால் வயதானவர்கள் பாதியைச் சொல்லாமலே எழும்பி வருவார்கள். 2022 நெருக்கடியில் மருந்து இல்லை, வெளியில் வாங்குங்கோ என்று துண்டு கொடுத்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அப்படித் துண்டு வந்தால் முதலில் ஒசுசலவில் கேளுங்கள், அது அரச மருந்துக் கூட்டுத்தாபனத்தின் கடை. இரத்தம் எடுக்கும் நாளில் வெறும் வயிற்றோடு போகச் சொல்வார்கள், கையில் சாப்பாட்டுப் பார்சல் ஒன்று இருக்கட்டும், ஏனென்றால் இரத்தம் எடுத்த பிறகும் மருந்து வரிசை மிச்சம் இருக்கும்.

சனல் எப்போது? புதிதாக ஒரு வருத்தம் வந்து கிளினிக் திகதி தூரத்தில் இருந்தால், அல்லது ஒப்பரேஷன் என்று சொல்லி இன்னொருவரின் அபிப்பிராயம் தேவைப்பட்டால். அப்போதும் கொப்பியைக் கொண்டுபோய் மேசையில் வையுங்கள்.

நெஞ்சு நோ என்றால் இந்த ஒப்பீடே வேண்டாம். 1990 அடியுங்கள், சுவசெரிய அம்புலன்சுக்குக் காசு இல்லை.