எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாக இருக்கிறது என்று சொல்லி எட்டு நாளைப் பறித்தார்கள்

கிளிநொச்சிக்குக் கிழக்கே நாங்கள் இருக்கும் பகுதியில், நாய் பின்காலை இழுத்தால் பாம்பு தீண்டியதா என்றுதான் முதலில் தேடுவோம். எங்கள் ஜிம்மிக்கும் அப்படியே தேடினோம். ஐந்து வயதான டாஷண்ட் அவன். ஒரு நாள் காலை திண்ணையிலிருந்து குதித்த பின் முதுகை வளைத்துக்கொண்டு நடுங்கினான், மாலையில் பின்கால்கள் ஒன்றோடொன்று பின்னத் தொடங்கின. கடிவாய் எதுவும் இல்லை. மறுநாள், மிருக வைத்தியம் என்று பலகை வைத்திருந்த ஒரு தனியார் நிலையத்துக்குக் கொண்டுபோனோம்.

அங்கிருந்தவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, "எலும்பு நல்லாயிருக்கு பிள்ளை, இது நரம்புத் தளர்ச்சி, ஊசி போட்டா ஓடுவான்" என்றார். நாளொன்றுக்கு 3,500 ரூபாய் வீதம் எட்டு நாட்கள் விற்றமின் ஊசியும் ஸ்டீரொயிட் ஊசியும் போட்டார். அவற்றோடு வலி குறைக்கும் மாத்திரைகளையும் தந்து, காலையும் மாலையும் நடக்கப் பழக்கச் சொன்னார். வயிற்றின் கீழ் துவாயைக் கொடுத்துத் தூக்கி முற்றமெங்கும் நடத்தினோம். அதை நினைக்க இன்றும் நெஞ்சு வலிக்கிறது. நான்காம் நாள் அவனால் எழும்பவே முடியவில்லை. ஆறாம் நாள் மலம் தார்போலக் கறுத்தது. மருந்து வேலை செய்கிறது என்று பதில் வந்தது.

ஒன்பதாம் நாள் வேறு மாவட்டத்தில் ஒரு மிருக வைத்தியர் பார்த்தபோதுதான் விடயம் விளங்கியது. முள்ளந்தண்டு எலும்புகளுக்கிடையே மெத்தைபோல இருக்கும் டிஸ்க்கின் நடுப்பகுதி, டாஷண்ட் போன்ற குட்டைக்கால் இனங்களில் இளவயதிலேயே உலர்ந்து சுண்ணாம்பு படிந்து இறுகிவிடுகிறது; பிறகு ஒரு சாதாரணக் குதிப்பிலும் அது பிதுங்கி, முள்ளந்தண்டுக்குள் ஓடும் நரம்புத் தண்டான முண்ணாணை அழுத்தக்கூடும். சாதாரண எக்ஸ்ரேயில் முண்ணாண் தெரியாது. எலும்பு முறியவில்லை என்பதையும், சில வேளைகளில் இடைவெளி குறுகியிருப்பதையும் மட்டுமே அது காட்டும். அழுத்தம் எங்கே, எவ்வளவு என்று அறிய எம்.ஆர்.ஐ. அல்லது சீ.ரி. ஸ்கான் வேண்டும், இல்லையேல் முண்ணாணைச் சுற்றிச் சாயம் செலுத்தி எடுக்கும் படம் வேண்டும்.

ஆனால் ஸ்கான் போன்ற பெரிய கருவி எதுவும் வேண்டாத சோதனை ஒன்றும் இருக்கிறது. எட்டு நாளில் ஒரு தடவைகூட அது செய்யப்படவில்லை. பின்கால் விரலை இடுக்கியால் அழுத்திப் பார்ப்பதுதான் அது. நாய் காலை இழுத்துக்கொண்டால் மட்டும் போதாது, உணர்வே இல்லாத காலும் அனிச்சையாக இழுபடும். தலையைத் திருப்ப வேண்டும், கத்த வேண்டும் அல்லது கடிக்க வர வேண்டும். இந்த ஆழ்ந்த வலியுணர்வு இருக்கும்வரை, அறுவைச் சிகிச்சை செய்த நாய்களில் பெரும்பாலானவை மீண்டும் நடக்கின்றன. அது போய்விட்டால் ஏறத்தாழப் பாதிதான். முதல் நாள் ஜிம்மி தள்ளாடியபடியாவது நடந்தான். அந்த நிலையில் தேவைப்பட்டது சில வாரங்கள் கூட்டுக்குள் அசையவிடாத கடும் ஓய்வும் பொருத்தமான ஒரு வலி மருந்தும்தான். எங்களுக்குச் சொல்லப்பட்டதோ அதற்கு நேர்மாறானது. ஸ்டீரொயிட்டையும் அங்கு தந்த வலி மாத்திரையையும் சேர்த்துக் கொடுத்ததால் இரைப்பையில் புண்ணாகி இரத்தம் கசிந்திருந்தது. படுத்திருந்த துணி நனைந்ததைச் சிறுநீர் கழிக்கிறான் என்று நம்பியிருந்தோம். உண்மையில் சிறுநீர்ப்பை நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

ஜிம்மி உயிரோடு இருக்கிறான், நடக்கவில்லை. நாளுக்கு நான்கு தடவை நான் வயிற்றை அழுத்திச் சிறுநீரை வெளியேற்றுகிறேன்.

உங்கள் நாய்க்குப் பின்கால் தள்ளாடினால் நடத்தாதீர்கள். பலகையிலோ பெட்டியிலோ வைத்துக் கொண்டுபோங்கள். பார்ப்பவர் மிருக வைத்தியச் சபையில் பதிவுபெற்றவரா என்று கேளுங்கள்; எங்கள் பற்றுச்சீட்டுகள் எதிலும் பதிவிலக்கம் இல்லை என்பதை நாங்கள் பிந்தியே கவனித்தோம். உள்ளூரில் வழியில்லையென்றால், ஏ9 வீதியால் கண்டிப் பக்கம் போனால் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய பீடம் இருக்கிறது; முதல் நாளே அங்கு விசாரியுங்கள். எக்ஸ்ரே படமும் எட்டுப் பற்றுச்சீட்டுகளும் என்னிடம் இருக்கின்றன, பார்க்க விரும்புபவர்களுக்குக் காட்டுவேன்.