லிப்ரே ஆபீஸ் ஏழு மாசம் ஓட்டியாச்சு: ஒரு டிடிபி கடைக்காரன் ரிவ்யூ

கடைல ரெண்டு பிசி இருக்கு. ஒண்ணு விண்டோஸ், அதுல மைக்ரோசாஃப்ட் ஆபீஸ். இன்னொண்ணு கிழட்டு மெஷின், விண்டோஸ் ஏத்துனாலே மூச்சு வாங்கும், அதனால லினக்ஸ் மின்ட்ங்கிற இலவச சிஸ்டம் போட்டு, மைக்ரோசாஃப்ட் ஆபீஸுக்கு பதிலா இலவசமா கெடைக்கிற லிப்ரே ஆபீஸ்ல ஓட்டிட்டிருக்கேன். பைசா செலவில்ல, தமிழ் மெனு இருக்கு, பிடிஎஃப் எடுக்க ஒரே பட்டன். அதுல வேர்டு மாதிரி இருக்குற ரைட்டருக்கு கண்ண மூடிட்டு நாலு ஸ்டார் கொடுப்பேன். ஆனா எல்லாரும் கேக்குற கேள்வி அது இல்லயே, "அண்ணா டாக்எக்ஸ் ஃபைல் அப்படியே வருமா"ன்னு தான கேக்குறீங்க (டாக்எக்ஸ்னா வேர்டு சேவ் பண்ற ஃபைல்), அதனால அத மட்டும் விலாவாரியா எழுதுறேன்.

போன மாசம் ஒரு தங்கச்சி பிஹெச்டி தீசிஸ் கொண்டு வந்துச்சு, தமிழ் இலக்கியம், 214 பக்கம். விண்டோஸ் பிசில வேற வேலை ஓடிட்டிருந்துது, நான் பாட்டுக்கு லினக்ஸ்ல திறந்து பிரிண்ட் கொடுத்துட்டு டீ குடிக்க போயிட்டேன். வந்து பாத்தா கடைசி பக்கம் 227. பொருளடக்கத்துல நாலாம் இயல் 131னு இருக்கு, உள்ள 139ல ஆரம்பிக்குது. "அண்ணா, என்னண்ணா இது, நாளைக்கு பைண்டிங் கொடுக்கணும்"னு அந்த பொண்ணு அழாத குறை. தப்பு என்னுது தான், பிரிண்ட் ப்ரிவ்யூ பாக்காம கொடுத்தது. தீசிஸ்ல போட்டிருந்த லதா ஃபான்ட் அந்த மெஷின்ல கெடயாது, அதுக்கு பதிலா நோட்டோ சான்ஸ் தமிழ் வந்து உக்காந்துடுச்சு, வரி உயரம் கொஞ்சமே கொஞ்சம் மாறுனாலும் 200 பக்கத்துல அது பதிமூணு பக்கமா வளந்துடும். இங்கிலீஷ்ல இந்த தொல்லை கம்மி, வேர்டோட காலிப்ரி ஃபான்ட் இல்லன்னா அதே அகலத்துல செஞ்ச கார்லிட்டோ லிப்ரே ஆபீஸ் கூடவே வருது. தமிழ் ஃபைலுக்கு நாம தான் பாத்துக்கணும், சேவ் பண்றப்பவே ஃபான்ட்ட ஃபைலுக்குள்ள எம்பெட் பண்ணிடுங்க, ரெண்டு ஆபீஸ்லயும் அந்த வசதி இருக்கு.

தமிழ்ல டைப் பண்றவங்க இன்னொண்ணும் கவனிக்கணும். ஃபைலுக்குள்ள இங்கிலீஷுக்கு ஒரு ஃபான்ட் சைஸ், தமிழ் மாதிரி எழுத்துக்கு தனியா ஒரு சைஸ்னு ரெண்டு எழுதி வச்சிருக்கும், டாக்எக்ஸ், லிப்ரே ஆபீஸோட ஓடிடி ரெண்டுலயும் இப்படித்தான். தலைப்பு ஸ்டைல்ல 14 போட்டேன் தமிழ் மட்டும் 12லயே நிக்குதுன்னு தலைய பிச்சுக்காதீங்க, ஸ்டைல்ல காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட்னு கீழ ஒரு கட்டம் இருக்கும், அதுலயும் 14 போடணும். இது தெரிய எனக்கு ரெண்டு மாசம் ஆச்சு.

சரி, ரெண்டு ஃபார்மட்டும் ஐஎஸ்ஓங்கிற உலக தர அமைப்பு ஒத்துக்கிட்ட ஸ்டாண்டர்டு தான, அப்புறம் ஏன் ஒண்ணுக்கொண்ணு ஒட்ட மாட்டேங்குதுன்னா, அது பழைய பஞ்சாயத்து. ஓடிடி சேந்த ஓடிஎஃப் குடும்பம் 2006லயே ஐஎஸ்ஓ வாங்கிடுச்சு. அதையே எடுத்துக்காம மைக்ரோசாஃப்ட் டாக்எக்ஸுக்கு அடிப்படையான தன்னோட ஓஓஎக்ஸ்எம்எல்ல எக்மாங்கிற இன்னொரு தர அமைப்பு வழியா கொண்டு வந்துச்சு, விளக்கம் 6000 பக்கத்துக்கு மேல. அவ்ளோ பக்கத்த யாருய்யா உக்காந்து படிப்பா. 2007 செப்டம்பர்ல ஐஎஸ்ஓல நாடுகள் போட்ட ஓட்டுல தோத்துச்சு, இந்தியாவும் அப்ப வேணாம்னு தான் ஓட்டு போட்டுச்சு. 2008ல திருத்தம் பண்ணி பாஸ் ஆனப்புறமும் இந்தியா, தென்னாப்பிரிக்கா, பிரேசில், வெனிசுலா நாலு பேரும் அப்பீல் போனாங்க, தள்ளுபடி ஆயிடுச்சு. அந்த முதல் டிராஃப்ட்ல வேர்டு 95 எப்படி இடைவெளி விடுமோ அப்படியே விடுன்னு சொல்ற டேக் (ஃபைலுக்குள்ள எழுதுற கட்டளை) எல்லாம் இருந்துது, எப்படி விடும்னு விளக்கம் மட்டும் இல்ல. மாமியார் கை பக்குவத்துல குழம்பு வையின்னு சொன்ன கதை தான்.

நம்பலன்னா ஒண்ணு செஞ்சு பாருங்க. எக்செல்ல ஒரு செல்லுல 60னு அடிச்சு தேதி ஃபார்மட்டுக்கு மாத்துங்க, 29 பிப்ரவரி 1900னு காட்டும். 1900 லீப் வருஷமே இல்ல! எக்செல்லுக்கு முன்னாடி இருந்த லோட்டஸ் 1-2-3 ஸ்ப்ரெட்ஷீட்டோட தப்ப பழைய ஷீட் கெட்டுடக்கூடாதுன்னு தெரிஞ்சே காப்பி அடிச்சு, கடைசில ஸ்டாண்டர்டுக்குள்ளயும் ஏத்திட்டாங்க. லிப்ரே ஆபீஸோட கால்க்ல அதே 60 அடிச்சா 28 பிப்ரவரி வரும். 61ல இருந்து ரெண்டும் ஒண்ணாயிடும், அதுக்குன்னே கால்க் தன்னோட எண்ணிக்கைய 1899 டிசம்பர் 30ல இருந்து தொடங்குது.

ஓஓஎக்ஸ்எம்எல்லுக்கு சுத்தமான வடிவமா ஸ்ட்ரிக்ட்னு ஒண்ணு வச்சாங்க, பழச சுமக்குற ட்ரான்சிஷனல்னு இன்னொண்ணு. ஆபீஸ் சாதாரணமா சேவ் பண்றது ட்ரான்சிஷனல். ஸ்ட்ரிக்ட் ஃபைல் ஒண்ணு கூட என் கடைக்கு இதுவரைக்கும் வந்ததில்ல.

ஓடிஎஃப் மட்டும் யோக்கியம்னு சொல்லல. ஸ்ப்ரெட்ஷீட்டுக்கு ஃபார்முலாவ எப்படி எழுதணும்னு 1.1 வரைக்கும் அதுல சொல்லவே இல்ல, கணக்கு போடுற ஷீட்டுக்கு ஃபார்முலா விதி இல்லாத ஸ்டாண்டர்டு! 2009ல ஆபீஸ் 2007க்கு வந்த சர்வீஸ் பேக் ஓடிஎஸ் (ஓடிஎஃப் ஸ்ப்ரெட்ஷீட் ஃபைல்) திறந்துச்சு, ஆனா மத்த சாஃப்ட்வேர்ல செஞ்ச ஷீட்டா இருந்தா ஃபார்முலாவ கழட்டிட்டு வெறும் நம்பர மட்டும் வச்சுடும். 2011ல ஓடிஎஃப் 1.2 வந்தப்ப தான் அந்த ஓட்டைய அடச்சாங்க.

இப்ப கடைல என் வழி: நான் புதுசா அடிக்கிறது எல்லாம் ஓடிடில சேவ், கஸ்டமருக்கு போறது பிடிஎஃப். திருத்தணும்னு கேட்டா மட்டும் டாக்எக்ஸ் எடுத்து, ஒருதடவ விண்டோஸ் பிசில திறந்து பாத்துட்டு அனுப்புறேன். பிரிட்டன் அரசாங்கமும் 2014ல கிட்டத்தட்ட இதே தான் முடிவு பண்ணாங்க, படிக்க மட்டும்னா பிடிஎஃப் இல்ல ஹெச்டிஎம்எல், சேந்து திருத்தணும்னா ஓடிஎஃப். இங்க ஒரு ஆபீஸுக்கு ஓடிடில மனு அனுப்புனேன், "வைரஸ் மாதிரி இருக்கு சார், வேர்டுல அனுப்புங்க"ன்னு ஃபோன் வந்துச்சு.

நீங்களே அடிச்சு நீங்களே பிரிண்ட் எடுக்குறவங்களா இருந்தா தாராளமா போடுங்க. தினமும் அடுத்தவங்க டாக்எக்ஸ்ல கை வைக்கிற வேலைன்னா பக்கத்துல ஒரு வேர்டு இருக்கட்டும். அந்த தீசிஸ விண்டோஸ்ல மறுபடி எடுத்து கொடுத்தேன், 227 பக்க பேப்பர் என் கணக்குல போச்சு, பின்பக்கத்துல இப்ப பில் எழுதிட்டிருக்கேன். தங்கச்சி திருத்தத்தோட அடுத்த வாரம் வருதாம், அதுவரைக்கும் விண்டோஸ் பிசில யாரும் கை வைக்கக்கூடாதுன்னு பையன்கிட்ட சொல்லி வச்சிருக்கேன்.