தேக்கா வீடு கைக்கு வரவில்லை, 13,720 வெள்ளி கைவிட்டுப் போனது

நேற்று மாலை அந்த வீட்டுப் புதுப்பிப்பு நிறுவனத்தின் மேலாளர் அனுப்பிய கடைசி வாட்ஸ்அப் செய்தி இதுதான்: “வைப்புத்தொகை திருப்பித் தரப்படமாட்டாது. இதுவே எங்கள் முடிவு.” வாங்காத வீட்டுக்கு, ஒரு ஆணிகூட அடிக்கப்படாத சுவருக்கு, நான் கட்டிய 12,600 வெள்ளியைப் பற்றி அவர் எழுதியது அவ்வளவே. அதோடு வீட்டை எங்களுக்கென்று பிடித்துவைக்க உரிமையாளரிடம் கட்டிய ஆப்ஷன் பணம் 1,000 வெள்ளி, வீட்டின் விலை மதிப்பீட்டுக்குக் கட்டிய 120 வெள்ளி. மொத்தம் 13,720 வெள்ளி. ஆத்திரம் தணியும் முன்பே இதை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஏனெனில் சிங்கப்பூரில் லிட்டில் இந்தியாவின் தேக்கா, அதை ஒட்டிய ஃபேரர் பார்க் பக்கம் வீடு தேடும் தமிழ்க் குடும்பங்கள் பல உண்டு என்பதும், அவர்களுக்கு எனக்கு நேர்ந்ததே நேரக்கூடும் என்பதும் எனக்கு நன்றாகத் தெரியும்.

நாங்கள் ஈசூனில் இருக்கிறோம். என் தாயாருக்கு வயது 72, முழங்கால் வலி உண்டு. அவர் பிறந்து வளர்ந்தது சிராங்கூன் சாலைப் பக்கம். இப்போது காய்கறி வாங்கவும் கோயிலுக்குப் போகவும் பேருந்து ஏறி, ரயில் மாறி அங்கே வருகிறார். வீட்டிலிருந்து இறங்கினால் தேக்கா சந்தை, நான்கு நிமிடம் நடந்தால் வீரமாகாளியம்மன் கோயில், மழை பெய்தாலும் ஐந்தடி நடைபாதையில் நனையாமல் மருந்தகம்வரை போய்வரலாம் என்ற வாழ்க்கையை அவருக்குத் திருப்பித் தர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. புதிய நகரங்களில் வசதிகள் இருக்கின்றன. ஆனால் பூக்காரரின் கைவேகத்தையும் மசாலா அரைக்கும் கடையின் வாசனையையும் நூறாண்டு பழைய கடைவீடுகளின் நிழலையும் எந்தப் புதிய பேட்டையிலும் கட்டிவிட முடியாது. அந்த ஆசைதான் என் கண்ணைக் கட்டியது என்று இப்போது தோன்றுகிறது.

எடுத்தேன் கவிழ்த்தேன் என்று இதில் இறங்கியவள் அல்ல நான். வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) வீட்டுத் தகுதிக் கடிதத்தை முதலிலேயே வாங்கி வைத்தேன். நாங்கள் வாங்க நினைத்தது எண்பதுகளில் கட்டிய மூவறை வீடு, 99 ஆண்டுக் குத்தகையில் சுமார் 56 ஆண்டுகள் மிச்சம். வாங்குபவர்களில் இளையவருக்கு 95 வயது ஆகும்வரை குத்தகை இருந்தால்தான் மத்திய சேமநிதிப் பணத்தைக் குறைப்பின்றிப் பயன்படுத்தலாம் என்ற விதி 2019 முதல் நடப்பில் உள்ளது. எனக்கு 41 வயது, கணவர் என்னைவிட மூத்தவர், ஆகவே அந்தக் கணக்கும் சரியாக வந்தது. வங்கிக் கடன், முத்திரைத் தீர்வை, ரொக்கமாகக் கட்ட வேண்டிய தொகை என எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி, இரண்டு இரவு கூட்டிக் கழித்துப் பார்த்தேன். ஒன்றை மட்டும் பார்க்கவில்லை. அதைத் தம்பி பார்த்துவிட்டதாகச் சொன்னார்.

தம்பி என்று நான் சொல்வது எங்கள் சொத்து முகவரை. ஒரு சொத்து விளம்பரத் தளத்தின்வழி கிடைத்தவர், பதிவு பெற்ற முகவர்தான். முதல் நாளே “அக்கா, அம்மா நடக்கிற தூரத்தை வைத்து வீடு பார்ப்போம்” என்று தமிழில் பேசினார். வீடு பார்க்கப் போன சனிக்கிழமை, சந்தையில் வாங்கிய முருங்கைக்காயும் கீரையும் நிறைந்த பையை அம்மா கையிலிருந்து தாமே வாங்கிச் சுமந்துகொண்டு மின்தூக்கிவரை வந்தார். மேல்மாடித் தாழ்வாரத்தில் அடுத்த வீட்டு வாசலில் ஒரு துளசிச் செடி இருந்தது. கம்பி இடுக்கு வழியே பார்த்தால் தூரத்தில் கோபுரத்தின் உச்சி தெரிந்தது. அம்மா கைகூப்பியபடி அங்கேயே நின்றுவிட்டார். அப்போதுதான் நான் அவரிடம் கேட்டேன்: “தம்பி, விற்கிறவர்கள் சீனர்கள். நாங்கள் இந்தியர்கள். இனக் கோட்டா பிரச்சினை இருக்குமா?”

ஆம், நான் கேட்டேன். கேட்காமல் ஏமாந்தேன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. “பார்த்துவிட்டேன் அக்கா, பச்சைக் கொடிதான்” என்று சொல்லி, தம் கைப்பேசியில் ஒரு திரைப்பிடிப்புப் படத்தை (ஸ்கிரீன்ஷாட்) விரலால் பெரிதாக்கிக் காட்டினார். வீவக இணையப்பக்கத்தின் படம்தான் அது, புளோக் (அடுக்குமாடிக் கட்டடம்) எண்ணும் சரியாக இருந்தது. ஆனால் படத்தின் மேல்பகுதி வெட்டப்பட்டிருந்தது, தேதி இல்லை. அது எந்த மாதத்துப் படம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மூலப்படத்தை அனுப்பும்படி ஆறு முறை கேட்டுவிட்டேன். வரவில்லை.

அறியாதவர்களுக்காக இந்தக் கோட்டாவைச் சற்று விரித்துச் சொல்கிறேன். இன ஒருங்கிணைப்புக் கொள்கை 1989ஆம் ஆண்டு மார்ச் மாதம் நடப்புக்கு வந்தது. அதே ஆண்டு ஜூலையில்தான் லிட்டில் இந்தியா பாதுகாக்கப்பட்ட வட்டாரமாகவும் அறிவிக்கப்பட்டது. ஒரே இனத்தவர் ஒரே இடத்தில் குவிந்துவிடாமல் இருக்க, ஒவ்வொரு பேட்டைக்கும் ஒவ்வொரு புளோக்குக்கும் ஒவ்வோர் இனத்துக்கும் உச்சவரம்பு உண்டு. இந்தியர் மற்றும் பிற இனத்தவர் என்ற பிரிவுக்குப் பேட்டையில் 12 விழுக்காடு, புளோக்கில் 15 விழுக்காடு. அந்த வரம்பு நிறைந்துவிட்டால், இந்தியர் ஒருவர் அதே பிரிவைச் சேர்ந்தவரிடமிருந்து மட்டுமே அங்கே வீடு வாங்க முடியும், சீனரிடமிருந்து வாங்க முடியாது. இந்த நிலவரம் ஒவ்வொரு மாதமும் முதல் தேதி புதுப்பிக்கப்படுகிறது. கொள்கைமீது எனக்குக் கோபம் இல்லை. தமிழர்கள் விரும்பி வரும் வட்டாரத்தில் இந்த வரம்பை மற்ற எல்லாவற்றுக்கும் முன்பாகப் பார்க்க வேண்டும் என்று தொழிலாகவே இதைச் செய்பவருக்குத் தெரியாதா என்பதுதான் என் கோபம்.

அடுத்து வந்த திங்கட்கிழமை, மாதத்தின் 30ஆம் தேதி, 1,000 வெள்ளி கொடுத்து ஆப்ஷன் எடுத்தோம். மறுநாள் 1ஆம் தேதி, விதிப்படி 120 வெள்ளி கட்டி மதிப்பீட்டுக்கு விண்ணப்பித்தேன். அதே 1ஆம் தேதிதான் கோட்டா நிலவரம் புதுப்பிக்கப்பட்ட நாளும். யாரும் மறுபடி பார்க்கவில்லை. மாறாக, அன்று மாலையே முகவர் அழைத்து, தமக்குத் தெரிந்த ஒரு புதுப்பிப்பு நிறுவனத்தின் காட்சிக்கூடத்தில் “ஞாயிற்றுக்கிழமையோடு சலுகை முடிகிறது, அம்மாவுக்கு ஏற்ற கழிப்பறை அமைத்துக் கொடுப்பார்கள்” என்றார்.

சனிக்கிழமை போனோம். அம்மாவின் கை உயரத்தை அளந்து, பிடிகம்பி எங்கே வரும் என்று ஒரு பெண் சுவரில் பென்சிலால் கோடு போட்டுக் காட்டினார். வழுக்காத தரை ஓட்டைக் கொண்டுவந்து, அம்மாவைச் செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் நிற்கச் சொன்னார். “சுகமாக இருக்கிறதம்மா” என்று என் தாயார் சொன்ன நொடியில், நான் பணப்பையைத் திறந்துவிட்டேன் என்றே சொல்ல வேண்டும். மொத்த வேலை 42,000 வெள்ளி, அதில் 30 விழுக்காடு முன்பணம், அதாவது 12,600 வெள்ளி. “வீடு இன்னும் எங்கள் பெயருக்கு வரவில்லையே, ஏதாவது தடங்கல் வந்தால்?” என்று என் கணவர் கேட்டார். “அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம் சார், முகவரே கூட இருக்கிறாரே” என்றார்கள். அந்த வாக்குறுதி ஒப்பந்தத்தில் எங்கும் இல்லை. நான்காம் பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில், வடிவமைப்பு வேலை தொடங்கிய பின் முன்பணம் திருப்பித் தரப்படாது என்று இருந்தது. வடிவமைப்பு வேலை எப்போது தொடங்கியதாம் என்று பிறகு கேட்டேன். கையெழுத்திட்ட அன்று பென்சிலால் கோடு போட்டபோதே தொடங்கிவிட்டதாம்.

உண்மை வெளிவந்தது 13ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை இரவு. அதற்கு இரண்டு நாள் முன்பு அலுவலகத்தில் மதிய உணவின்போது ஒரு தோழி, “தேக்காவில் சீனரிடமிருந்து வாங்குகிறாயா? கோட்டாவை நீயே பார்த்தாயா?” என்று கேட்டிருந்தார். அது மனத்தில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. எல்லாரும் தூங்கியபின் கணினியைத் திறந்தேன். வீவக இணையப்பக்கத்தில் புளோக் எண், தெருப் பெயர், எங்கள் இனம் ஆகியவற்றை உள்ளிட்டேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. இந்தியர் அல்லது பிற இனத்து விற்பனையாளரிடமிருந்து மட்டுமே நாங்கள் வாங்கலாம் என்று திரையில் வந்தது. எண்ணைத் தவறாகத் தட்டிவிட்டேனோ என்று மூன்று முறை திரும்ப உள்ளிட்டேன். மூன்று முறையும் அதே பதில். திங்கட்கிழமை காலை வீவகவிடம் தொலைபேசியில் உறுதிசெய்துகொண்டேன்.

அதன்பின் நடந்தவற்றை நினைத்தால் இப்போதும் நெஞ்சு எரிகிறது. முகவர் முதலில், “நான் பார்த்தபோது சரியாகத்தான் இருந்தது அக்கா” என்றார். பிறகு, “அடுத்த 1ஆம் தேதி மாறினாலும் மாறலாம்” என்றார். ஆப்ஷன் 21 நாளில், அதுவும் 21ஆம் தேதி மாலை 4 மணிக்கு, காலாவதியாகிறது என்பதை அவருக்கு நான் நினைவூட்ட வேண்டியிருந்தது. விற்பவர்கள் வயதான தம்பதியர், மகள் வீட்டுப் பக்கம் போகக் காத்திருப்பவர்கள். அவகாசத்தை நீட்டிக்க முடியாது என்றார்கள், 1,000 வெள்ளியை வைத்துக்கொண்டார்கள். அது அவர்களுடைய உரிமை, அவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். அதற்குப் பிறகு தம்பி என் அழைப்புகளை எடுப்பதில்லை. செய்திகளுக்கு நீலக் குறி மட்டும் விழுகிறது. அவருடைய நிறுவனத்தை அழைத்தால், முகவர்கள் தனித்தொழில் செய்பவர்கள் என்றும் அவரிடமே பேசிக்கொள்ளும்படியும் சொல்லிவிட்டார்கள். புதுப்பிப்பு நிறுவனத்திடமிருந்து உங்களுக்குப் பரிந்துரைத் தொகை கிடைத்ததா என்று நேரடியாகவே எழுதிக் கேட்டேன். அதற்கும் நீலக் குறிதான்.

புதுப்பிப்பு நிறுவனம் இன்னும் மோசம். முதல் வாரம், மேலாளர் ஜொகூரில் இருக்கிறார், வந்ததும் அழைப்பார் என்றார்கள். இரண்டாம் வாரம், கணக்குப் பிரிவு பரிசீலிக்கிறது என்றார்கள். மூன்றாம் வாரம் நானே நேரில் போனேன். அம்மாவின் கை உயரத்தை அளந்த அதே பெண் என்னைப் பார்த்ததும் உள்ளறைக்குள் போய்விட்டார். அரை மணி நேரம் காத்திருந்தபின் வேறொருவர் வந்து, ஆறு மாதத்துக்குள் வேறு வீடு வாங்கினால் அந்த 12,600 வெள்ளியைக் கழித்துக்கொள்வதாகச் சொன்னார். 12,600 வெள்ளியை இழந்தவள், அதைப் பறித்துக்கொண்டவர்களிடமே மீண்டும் போய் 42,000 வெள்ளி வேலையைக் கொடுக்க வேண்டுமாம்.

எச்சரிக்கை என்று விரிவாக எழுதத்தான் நினைத்திருந்தேன், இப்போது அதற்கு மனம் நிலைகொள்ளவில்லை. அவசரமாகச் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். கோட்டாவை நீங்களே, உங்கள் கையாலேயே பாருங்கள். ஆப்ஷன் எடுக்கும் அன்றும் பாருங்கள், இடையில் மாதம் பிறந்தால் மீண்டும் பாருங்கள். பிறர் காட்டும் படத்தை நம்பாதீர்கள். வீட்டுச் சாவி கைக்கு வரும்முன் புதுப்பிப்புக்கு ஒரு காசும் கட்டாதீர்கள். கட்டியே ஆக வேண்டும் என்றால், வாங்குவது நின்றுபோனால் முழுப் பணமும் திரும்ப வரும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். வாய்ப்பேச்சை வாட்ஸ்அப்பில் எழுத்தாக்கிக்கொள்ளுங்கள், பேசியவற்றுக்கு என்னிடம் இப்போது இருக்கும் ஆதாரம் அது ஒன்றுதான். முகவர் தம் கணக்குக்கு வீட்டுப் பணத்தை அனுப்பச் சொன்னால் உடனே எழுந்து வந்துவிடுங்கள், அந்தப் பணத்தைக் கையாள அவருக்குச் சட்டப்படி அனுமதி இல்லை. எனக்கு அப்படி நடக்கவில்லை, ஆனால் உங்களுக்கு நடக்கலாம்.

முகவர்மீது சொத்து முகவர் மன்றத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். 12,600 வெள்ளிக்காகச் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்தை நாடியிருக்கிறேன். அங்கே 20,000 வெள்ளிவரை கோரலாம், வழக்கறிஞர் வைக்க முடியாது, நாமேதான் பேச வேண்டும். ஒப்பந்தத்தின் நான்கு பக்கங்கள், பணம் கட்டிய ரசீது, 57 வாட்ஸ்அப் செய்திகள் ஆகியவற்றை அச்செடுத்து ஒரு கோப்பில் வரிசையாக அடுக்கிவிட்டேன். வீடு என்ன ஆயிற்று என்று அம்மா இரண்டு முறை கேட்டார். விற்பவர்கள் மனம் மாறிவிட்டார்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். 13,720 வெள்ளி போனது அவருக்கு இன்னும் தெரியாது. முதல் அமர்வு அடுத்த புதன்கிழமை காலை.