கரியில் சுடும் பன்றி விலாவுக்கு எந்தப் புளிப்பு? குமரிச் சந்தைக் குடம்புளியும் மற்றவையும்

மார்த்தாண்டம் சந்தையில் நிறுத்துத் தருகிற, மீன்குழம்பில் போடுகிற குடம்புளிக்கே இந்த மதிப்பீட்டில் முதலிடம். தேங்காய் வினிகர் இரண்டாவது. அதுவும் அடுப்பிலிருந்து இறக்கியபின் சேர்ப்பதாக இருந்தால் மட்டும். வாளன்புளி, அதாவது சாம்பாருக்குக் கரைக்கிற சாதாரணப் புளி, அதற்குக் கீழே. பாட்டிலில் வரும் பார்பிக்யூ சாஸ் கடைசி. இந்த வரிசைக்கு ருசியோடு கரியின் சூடும் ஒரு காரணம்.

விலா எலும்பில் கொழுப்பும் சவ்வும் கூடுதல். நம் பக்கத்துக் கடைகளில் பன்றி இறைச்சியைத் தோலும் நெய்யுமாகத் தருவது வழக்கம் என்பதால் இங்கே அது இன்னும் கூடுதல். இரண்டு துண்டு தின்றதும் திகட்டிவிடும். அந்தத் திகட்டலை அடக்குவது புளிப்பு. அமெரிக்காவில் விலா சுடுகிறவர்களும் இதைத்தான் செய்கிறார்கள். கரோலினா பக்கம் வினிகரும் மிளகாயும் அல்லது கடுகும் வினிகரும், கான்சாஸ் சிட்டியில் தக்காளியும் கரும்புப்பாகும் வினிகரும். அவர்கள் சேர்க்கிற வூஸ்டர் சாஸில் நம்முடைய வாளன்புளி இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது.

வினிகரின் புளிப்பு அசிட்டிக் அமிலம். அது ஆவியாகக்கூடியது. வினிகர் கொதிக்கும்போது மூக்கில் ஏறுகிறதே, மூக்குக்கு வந்தது அத்தனையும் சட்டியிலிருந்து போனது. சாஸ் காய்ச்சும்போது முதலிலேயே வினிகரை ஊற்றிவிட்டு, கடைசியில் புளிப்பு போதவில்லை என்று மறுபடி ஊற்றுகிறவர்கள் இதனால்தான் ஏமாறுகிறார்கள். குடம்புளியில் இருப்பது ஹைட்ராக்சி சிட்ரிக் அமிலம், வாளன்புளியில் டார்டாரிக் அமிலம். இரண்டும் ஆவியாகிப் போகாது. தண்ணீர் வற்ற வற்றப் புளிப்பு ஏறிக்கொண்டே வரும். கரிச் சூட்டில் இறைச்சியின்மேல் பூசுவதற்கு இவைதான் ஒத்துவரும்.

பிறகு ஏன் வாளன்புளி பின்தங்கியது? அதன் சதையில் இயல்பாகவே சர்க்கரை நிறைய உண்டு, கெட்டியும் உண்டு. பூசியதும் பற்றிக்கொண்டு நிற்கும், ஆனால் இனிப்பு சேர்வதற்கு முன்பே கருகத் தொடங்கும். தவிரவும் ருசி நேரே புளிக்குழம்புக்குப் போய்விடுகிறது. குடம்புளித் தண்ணீர் வடிகட்டினால் தெளிவாக, மெலிதாக இருக்கும். எவ்வளவு கெட்டி வேண்டும் என்பது நம் கையில். அதோடு, நல்ல குடம்புளி ஏற்கெனவே புகையில் காய்ந்தது. மீன்குழம்பில் நாம் தேடுகிற அதே புகைமணம் சுட்ட இறைச்சிக்கும் பொருந்துகிறது.

அந்த 'நல்ல' என்ற சொல்லில்தான் வாங்குகிறவருடைய வேலை இருக்கிறது. குலசேகரம், திருவட்டாறு பக்கத்துப் புரையிடங்களில் (வீட்டுத் தோட்டங்களில்) நிற்கிற மரங்களிலிருந்து மழைக்காலத்தில் பழம் பறித்து, மேலோட்டைக் கீறி விதை எடுத்து, வெயில் கிடைத்தபோது வெயிலிலும் இல்லாதபோது அடுப்பின் மேலும் காயவைப்பார்கள். கையில் எடுத்துப் பாருங்கள். கறுப்பாக, லேசான எண்ணெய்ப் பளபளப்போடு, வளைத்தால் ஒடியாமல் மடங்க வேண்டும். தோல் செருப்பின் வாரை மடக்குவதுபோல இருந்தால் சரியான பதம். மோந்தால் முதலில் புகையும் பிறகு புளிப்பும் வர வேண்டும். தவிட்டு நிறத்தில் மொறமொறவென்று ஒடிந்தால் புகை காட்டாமல் உலர்த்தியது; புளிப்பு இருக்கும், மணம் இருக்காது. விரலில் ஈரம் ஒட்டினால் வாங்காதீர்கள். எடைக்கு ஈரத்தையும் சேர்த்துக் காசு கொடுப்பது ஒருபுறம், வாரத்தில் வெள்ளைப் பூஞ்சை பிடிப்பது இன்னொருபுறம்.

பாக்கெட்டில் அடைத்து வருவதில் இந்தச் சோதனை எதுவும் நடக்காது. கண்ணாடித்தாள் வழியாக எல்லாமே கறுப்பாகத்தான் தெரியும். அவசரத்துக்கு வாங்கலாம், மூன்று கடை ஏறி இறங்க முடிந்தால் தேவையில்லை. நாகர்கோவில்காரர்களுக்கு வடசேரி சந்தையே போதும். குடம்புளி பேஸ்ட் என்று குப்பியில் வருவதை இந்த வேலைக்கு எடுக்க வேண்டாம். உப்பு எவ்வளவு சேர்த்திருக்கிறார்கள் என்று தெரியாமல் அளவு போட முடியாது.

இனி அளவு. 1 கிலோ விலாவுக்கு 30 கிராம் குடம்புளி. நடுத்தர அளவில் 6 முதல் 8 துண்டு வரும். ஓடும் தண்ணீரில் இரண்டு முறை கழுவுங்கள். அடுப்புச் சாம்பலும் மண்ணும் மடிப்புக்குள் இருக்கும், அது சாஸில் நறநறக்கும். 250 மில்லி வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, அதே தண்ணீரில் மிதமான தீயில் 10 நிமிடம் கொதிக்கவிட்டு வடிகட்டுங்கள். துண்டுகளைப் பிழியாதீர்கள், அரைக்கவும் வேண்டாம். பிழிந்தால் ஓட்டிலுள்ள துவர்ப்பும் சேர்ந்து இறங்கி நாக்கைப் பிடிக்கும். வடித்த துண்டுகளை எறிய வேண்டியதில்லை, மறுநாள் சாளை மீன் குழம்பில் போட்டால் இன்னும் கொஞ்சம் புளிப்பு தரும்.

வடித்த தண்ணீரில் 60 கிராம் கருப்பட்டி தூளாக்கியது, அம்மியில் சதைத்த சின்ன வெங்காயம் 8, பூண்டு 6 பல், மிளகாய்த்தூள் 2 தேக்கரண்டி, நல்லமிளகு பொடித்தது 1 தேக்கரண்டி, தேங்காய் எண்ணெய் 1 மேசைக்கரண்டி சேர்த்து வற்றக் காய்ச்சுங்கள். கருப்பட்டியைத் தனியே கரைத்து வடிகட்டியே சேருங்கள், அதிலும் மண் இருக்கும். உப்பை இப்போது போட வேண்டாம். குடம்புளியை உப்பு தடவித்தான் பத்திரப்படுத்தியிருப்பார்கள், கருப்பட்டியிலும் ஓர் உப்புச் சாயல் உண்டு. வற்றியபின் நாக்கில் வைத்துப் பார்த்துத் தேவையானால் அரைத் தேக்கரண்டி. கரண்டியின் முதுகில் பூசினாற்போல நிற்கும்போது இறக்கிவிடுங்கள். ஆறினால் இன்னும் இறுகும். மார்த்தாண்டம் தேன் போட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. போடலாம், ஆனால் கருப்பட்டிக்குரிய கசப்புக் கலந்த அடிருசி குடம்புளியோடு சேர்கிற அளவுக்குத் தேன் சேர்வதில்லை. கருப்பட்டியே இருக்கட்டும்.

பாத்திரம் முக்கியம். அலுமினியச் சட்டியில் இதைக் காய்ச்சினால் உலோகச் சுவை வரும், சட்டியும் வெளுக்கும். மண்சட்டி அல்லது எவர்சில்வர். மீன்சட்டி வேண்டாம், புளி அதில் ஊறிக் கிடக்கிற மீன் வாடையை இழுத்து எடுத்துவிடும்.

இறைச்சிக் கடையில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: எலும்பைத் துண்டு போடாமல் பலகையாகவே தரச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் பழக்கத்தில் குழம்புக்கு வெட்டிவிடுவார்கள். தோலையும் மேல்நெய்யையும் எடுத்து, அரை சென்டிமீட்டர் கொழுப்பு மட்டும் விட்டால் போதும். எலும்புப் பக்கம் ஒட்டியிருக்கும் மெல்லிய சவ்வைக் கத்தி முனையால் கிளப்பி, துணியால் பிடித்து இழுத்தால் ஒரே உரிப்பில் வரும். அது இருந்தால் உப்பும் உள்ளே போகாது, புகையும் போகாது, கடிக்கும்போது ரப்பர்.

தடவ 12 கிராம் உப்பு, நல்லமிளகு, பூண்டு, 3 கிராம்பு. புவிசார் குறியீடு பெற்ற நம் மலைக் கிராம்பில் எண்ணெய் நல்ல வீரியம், நான்காவது கிராம்பு போட்டால் நாக்கு மரத்துப்போகும். புளிப்பை ஊறவைப்பதிலேயே சேர்க்க வேண்டும் என்று நினைப்பவர்கள் சாஸாகக் காய்ச்சாத குடம்புளித் தண்ணீரில் 2 மேசைக்கரண்டி தெளித்து 2 மணி நேரம் வைக்கலாம். இரவு முழுக்க வேண்டாம். நீண்ட நேரம் அமிலத்தில் கிடந்த இறைச்சியின் மேல்பரப்பு வெளுத்து மாவுபோலாகும், உள்ளே ஒன்றும் ஏறியிருக்காது. ஊறவைப்பதால் கிடைக்கிற புளிப்பு சொற்பம்தான். பூச்சில் கிடைப்பதுதான் நாக்குக்குத் தெரியும்.

கரிக்குச் சிரட்டைக் (கொட்டாங்குச்சி) கரி. நமக்குச் சிரட்டைக்குப் பஞ்சமில்லை. ஆனால் அதன் சூடு கடுமை, எனவே அடுப்பின் ஒரு பாதியில் மட்டும் கரியைக் கூட்டி, மறு பாதியில் இறைச்சியை வைத்து மூடியிட வேண்டும். மூடிக்குள் 130 முதல் 150 டிகிரி செல்சியஸ் நின்றால் ஒன்றரையிலிருந்து இரண்டு மணி நேரம். பன்றி இறைச்சி 63 டிகிரியில் 3 நிமிடம் நின்றாலே சாப்பிடப் பாதுகாப்பு என்றாலும் விலா அந்த நிலையில் வார்போல இழுக்கும். இறைச்சிக்குள் இருக்கும் சவ்வு கரைந்து இளகுவதற்கு உள்சூடு 90 டிகிரி தாண்ட வேண்டும். தெர்மாமீட்டர் இல்லையா, பலகையின் ஒரு முனையை இடுக்கியால் தூக்குங்கள்; நடுவில் தொங்கி மேல்பக்கம் வெடிப்பு விழுந்தால் ஆயிற்று. எலும்பின் நுனியும் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு வெளியே தெரியும்.

இவ்வளவு நேரமில்லாதவர்கள் எவர்சில்வர் குக்கரில் அரை டம்ளர் தண்ணீரோடு மிதமான தீயில் 15 நிமிடம் வேகவைத்துவிட்டுக் கரிக்குக் கொண்டுவரலாம். புகை குறையும், வேறொன்றும் கெட்டுப்போகாது. அந்தக் குக்கர் சாற்றை வீணாக்காமல் பூச்சில் இரண்டு கரண்டி சேருங்கள்.

பூச்சு கடைசி 15 நிமிடத்தில்தான். மெலிதாக ஒரு தடவை பூசி 5 நிமிடம், மறுபடி 5 நிமிடம், மூன்றாவது பூச்சுக்குப் பிறகு 5 நிமிடம். ஒவ்வொரு பூச்சும் ஒட்டி உலர்ந்தபின் அடுத்தது. ஒரேயடியாக அள்ளி ஊற்றினால் கரியில் வழியும், கருப்பட்டி எரியும், அந்தப் புகை இறைச்சியில் ஏறிக் கசக்கும். பெரும்பாலும் "புளி கசக்குது" என்று சொல்லப்படுவது இந்தக் கசப்புத்தான், புளியின் குற்றமில்லை. கொழுப்பு சொட்டித் தீ எழும்பினால் தண்ணீர் தெளிக்காதீர்கள், சாம்பல் பறந்து பூச்சில் ஒட்டும். இறைச்சியை நகர்த்தி மூடியைப் போட்டால் காற்றில்லாமல் தானே அடங்கும்.

சாஸில் பாதியை முதலிலேயே தனியே எடுத்துவையுங்கள். பிரஷ் தொட்ட சாஸை மேசைக்குக் கொண்டுபோகக் கூடாது. எடுத்துவைத்த பாதி ஆறியபின் அதில் 1 மேசைக்கரண்டி தேங்காய் வினிகர். இங்கேதான் வினிகருக்கு வேலை. குடம்புளியின் புளிப்பு நாக்கின் அடியில் நிற்கும், வினிகரின் புளிப்பு மூக்கில் ஏறும்; சூடான விலாவைத் தொட்டுத் தின்னும்போது இரண்டும் தனித்தனியே தெரியும்.

வினிகர் வாங்கும்போது லேபிளைப் படியுங்கள். அசிட்டிக் அமிலத்தைத் தண்ணீரில் கலந்து செய்ததற்கு 'சிந்தடிக்' என்று குறிப்பிட்டே விற்க வேண்டும் என்பது சட்டம். அது குத்தும், வேறு மணமில்லை. அசல் கள்ளு வினிகர் வேண்டுமென்றால் களியக்காவிளை தாண்டிக் கேரளத்தில் தேடுவதே எளிது. தமிழ்நாட்டில் கள்ளுக்கே தடை இருக்கும்போது அதில் செய்த வினிகர் எங்கே கிடைக்கும். இங்கே கடைகளில் வருவது பெரும்பாலும் தேங்காய்த் தண்ணீரில் புளிக்கவைத்தது. அடியில் லேசாக மண்டி தங்கியிருந்தால் கெட்டதென்று திருப்பிக் கொடுக்காதீர்கள்.

பாட்டில் சாஸ் ஏன் கடைசி? பின்பக்கம் பாருங்கள். சேர்மானங்களை அளவில் அதிகமானதிலிருந்து குறைவானதுவரை வரிசையாக அச்சிட வேண்டும். முதலிலேயே சர்க்கரை வருகிற பாட்டில் என்றால் புளிப்புக்காக வாங்குகிற பொருள் அல்ல அது. புளிப்பு 260, 330 என்ற எண்களாக ஓரத்தில் இருக்கும். முன்னது அசிட்டிக், பின்னது சிட்ரிக் அமிலம். ஏற்கெனவே வீட்டில் கிடந்தால் 4 கரண்டி சாஸுக்கு 2 கரண்டி குடம்புளித் தண்ணீர் கலந்து காய்ச்சிப் பூசலாம், ஓரளவு தேறும்.

எலுமிச்சை பரிமாறும்போது பிழிவதற்கு மட்டும், காய்ச்சினால் கசக்கும். இரும்பன்புளியை (பிலிம்பிக் காயை) பொடியாக அரிந்து சின்ன வெங்காயம், காந்தாரி மிளகாய், உப்போடு பிசைந்து பக்கத்தில் வைத்தால் மிக நன்று, ஆனால் ஆளுக்கு ஒரு கரண்டி அளவில். அதில் ஆக்சாலிக் அமிலம் அதிகம், சாறாகக் குடித்துச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்கள் கேரளத்தில் உண்டு. சிறுநீரகக் கல் இருப்பவர்கள் அதைத் தொடவே வேண்டாம். தொட்டுக்கொள்ள வேறென்ன என்றால், அவித்த மரச்சீனிக் (மரவள்ளி) கிழங்கு. சாஸின் புளிப்பையும் காரத்தையும் தாங்க அதன் மாவுச்சுவை போதும், ரொட்டி தேவையில்லை.

குடம்புளியை ஒரே தடவையில் அரைக் கிலோ வாங்குவதில் நட்டமில்லை. இரண்டு பருவமழையும் பெய்கிற ஊர் இது, எனவே பிளாஸ்டிக் கவரில் வைக்காமல் பரணியில் (ஊறுகாய் ஜாடியில்) போட்டு, கிலோவுக்கு 100 கிராம் கல்லுப்பும் 2 கரண்டி தேங்காய் எண்ணெயும் தடவி, ஈரக்கை படாமல் மூடிவையுங்கள். ஆண்டு கடந்த புளி இன்னும் கறுத்து மென்மையாகும், குழம்புக்கும் பூச்சுக்கும் அதுவே மேல். ஆனால் உப்பு கூடியிருக்கும், அப்போது கழுவுவதை மூன்று முறையாக்கிக்கொள்ளுங்கள்.