காய்ந்த புல்வெளியைப் பெயர்க்கச் சொல்பவர்களிடம் எச்சரிக்கை

பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில், கோடையில் பழுப்பேறிய புல்வெளியைப் பார்த்துவிட்டு ஓர் ஒப்பந்தக்காரர் சொன்னார்: "இது செத்துவிட்டது சார், மொத்தமாகப் பெயர்த்துவிட்டுப் புதிதாகப் போட்டுவிடலாம்." சங்கச் செயலாளர் தலையாட்டினார். 2,000 சதுர அடி, சதுர அடிக்கு 45 ரூபாய். மொத்தம் 90,000 ரூபாய், இதில் 70,000 ரூபாய் ஒப்பந்தக்காரர் கைக்குப் போய்விட்டது. அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை, அவர் எப்படி ஏமாற்றினார் என்பதை மட்டும் சொல்கிறேன்.

பெயர்க்கப்பட்டது சாதாரண அருகம்புல். 2019இல் செம்பரம்பாக்கம், செங்குன்றம் ஏரிகள் வறண்டு, லாரித் தண்ணீருக்கே அடித்துக்கொண்ட கோடையில், அதற்கு ஒரு குடம் தண்ணீர்கூட யாரும் ஊற்றவில்லை. வைக்கோல் நிறமாகிக் கிடந்தது, வடகிழக்குப் பருவமழை வந்ததும் தானே பச்சை பிடித்தது. தரைமேல் படரும் தண்டோடு, மண்ணுக்குள் கிடையாக ஓடும் கிடைத்தண்டும் அருகுக்கு உண்டு. வறட்சியில் இலைகளைக் காயவிட்டு, கணுக்களில் உள்ள மொட்டுகளில் மட்டும் உயிரை வைத்துக்கொள்ளும். "ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரூன்றி" என்று மணமக்களை வாழ்த்துகிற ஊரில் அருகு செத்துவிட்டது என்று ஒருவர் சொல்ல, படித்தவர்கள் கூடி அதை நம்பித் தீர்மானமும் போட்டார்கள்!

மாற்றாக அவர் சொன்னது "வறட்சி தாங்கும் பஃபலோ புல்". கைபேசியில் படமும் காட்டினார். படத்தில் இருந்தது வட அமெரிக்கச் சமவெளியின் புல், மெல்லிய இலை, சாம்பல் கலந்த பச்சை. அது உண்மையிலேயே வறட்சியைத் தாங்கும். லாரியில் வந்து இறங்கியதோ அரை அங்குல அகல இலையும் மழுங்கிய நுனியும் கொண்ட ஆக்சோனோபஸ் கம்ப்ரெஸஸ் என்ற முற்றிலும் வேறொரு புல். கேட்டால், "இங்கே இதையும் பஃபலோ என்றுதான் சார் விற்கிறோம்" என்றார். அது பொய்யில்லை, நர்சரிகளில் அப்படி விற்பது உண்டு. அவருக்கு வசதியும் அதுதான்.

அந்தப் புல்லைக் குறை சொல்ல மாட்டேன். வேப்பமர நிழலில் ஈரம் இருந்தால் நன்றாகவே வளரும். ஆனால் அது பெரும்பாலும் தரைமேல் தண்டாலேயே படரும், வேரும் ஆழம் போகாது. பிள்ளைகள் கிரிக்கெட் ஆடும் வெட்டவெளியில், கட்டட இடிபாட்டின்மேல் தூவிய செம்மண்ணில் அதைப் பதித்தால் என்ன ஆகும்? தினமும் காலை மாலை லேசாகத் தெளிக்கச் சொன்னார். மேலாகத் தெளித்தால் வேர் மேலேயே நின்றுவிடும், ஒரு நாள் தவறினாலும் வாடும். ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டுமென்றால் 2,000 சதுர அடிக்கு ஏறத்தாழ 1,860 லிட்டர் வேண்டும். லாரித் தண்ணீரில் வாழும் குடியிருப்புக்கு இதுவா வறட்சி தாங்கும் புல்?

ஓரங்கள் கருகத் தொடங்கியதும் "சத்துக் குறைவு" என்று யூரியா வீசித் தனியாகப் பணம் கேட்டார். தண்ணீர் இல்லாத வேரில் யூரியா விழுந்தால் மிச்சமும் கருகும், கருகியது. பிறகு ஒரு கோடைமழை பெய்தது. புதுப் புல் துண்டுகளின் இடுக்குகளில் முளைத்து வந்தது எது தெரியுமா? செத்துப்போனதாகச் சொல்லப்பட்ட அதே அருகு.

உங்களிடமும் யாராவது "செத்துவிட்டது" என்றால், ஒரு பிடியைக் கிடைத்தண்டோடு தோண்டி எடுத்துக் கீறிப் பாருங்கள். உள்ளே வெண்மையாக, உறுதியாக இருந்தால் உயிர் இருக்கிறது. நொறுங்கினால்தான் சந்தேகப்பட வேண்டும். அப்போதும் ஒரு மூலையை மட்டும் இரண்டு வாரம் நனைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். அருகு இப்படிக் காய்ந்து உறங்கும்போது உரம் போடாதீர்கள், ஒட்ட வெட்டாதீர்கள்.

எங்கள் ரசீதில் "புல்வெளி வேலை" என்று மட்டும் இருக்கிறது. நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுகளுக்குள் புகார் தரலாம், தரப்போகிறோம். ஆனால் என்ன புல் என்று எழுதாத ரசீதை வைத்துக்கொண்டு வாதாடுவது சிரமம். தாவரவியல் பெயர், அடியில் போடும் மண்ணின் ஆழம், பிழைக்காவிட்டால் யார் பொறுப்பு, இந்த மூன்றையும் எழுதி வாங்காமல் முன்பணம் தராதீர்கள்.