நெருக்கடியில் அதிபரின் தனியாணையா, காங்கிரசின் சட்டமா?

2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்களில் பெரும்பாலானவற்றின் மீது அமெரிக்கா 50 விழுக்காடு வரி விதித்தபோது, அதை அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸ் விவாதித்து முடிவு செய்யவில்லை என்பதையும், 1977ஆம் ஆண்டின் அவசரகாலப் பொருளாதாரச் சட்டத்தைக் காட்டி அதிபரே விதித்தார் என்பதையும் திருப்பூரில் நாம் போதிய அளவு பேசவில்லை.

தனியாணையின் பலம் விரைவு. 1861இல் உள்நாட்டுப் போர் மூண்டதும், காங்கிரஸ் கூடும் முன்பே தென்மாநிலத் துறைமுகங்களை முற்றுகையிட லிங்கன் ஆணையிட்டார். அன்று காத்திருக்க நேரமில்லை.

ஆனால் காங்கிரசில் சட்டம் இயற்றும் வழி எப்போதும் மெதுவானதன்று. 1933 மார்ச் 6இல் வங்கிகளை ஆணையால் மூடிய ரூஸ்வெல்ட், 9ஆம் தேதி காங்கிரசைக் கூட்டி அன்றே அதற்குச் சட்டம் பெற்றார். மாறாக, 1952இல் கொரியப் போரின்போது எஃகு ஆலைகளைத் தாமாகக் கையகப்படுத்திய ட்ரூமனை உச்ச நீதிமன்றம் 6-3 என்ற பெரும்பான்மையில் தடுத்தது.

காங்கிரஸ் அதிபருக்குக் கொடுத்த அதிகாரத்தைத் திரும்பப் பெறுவதே கடினம். 2019இல் மெக்சிகோ எல்லையில் சுவர் கட்ட அதிபர் டிரம்ப் அறிவித்த அவசரநிலையைக் காங்கிரசின் இரு அவைகளும் நிராகரித்தும், அந்த முடிவை ரத்து செய்த அதிபரின் மறுப்பாணையை (வீட்டோ) முறியடிக்க மூன்றில் இரண்டு பங்கு வாக்குகள் கிடைக்கவில்லை. தம் கட்சிக்காரர் பதவியிலிருந்தால் ஆதரிப்பதும், மற்றவர் இருந்தால் எதிர்ப்பதுமாக இரு கட்சியினரும் நடந்துகொள்வது வருத்தமளிக்கிறது.

நூல் வாங்கி, நிட்டிங் முடித்து, சாயப்பட்டறைக்கு அனுப்பி, தைத்து, செக்கிங் பார்த்துப் பெட்டி கட்ட மாதக்கணக்காகும் தொழிலுக்கு, ஓரிரு வாரத்தில் மாறும் ஆணையைவிட விவாதித்து இயற்றிய சட்டமே மேல். உடனடி ஆணை தேவையெனில், காங்கிரஸ் குறித்த நாள்களுக்குள் ஒப்பாவிட்டால் அது தானாகக் காலாவதியாக வேண்டும்.